நிற்கும் வண்டிக்கு ஒரு ஸ்மார்ட் சார்ஜர்

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு. மணி 2 இருக்கும். பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில் இருந்து "டிக்... டிக்... டிக்..." என்று ஓர் ஓசை. எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கார் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகிக் கொண்டிருந்தார். பின் சீட்டில் அவர் மனைவி நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். "தம்பி, வண்டி எடுக்க மாட்டேங்குது" என்றார். உடனே 108க்கு போன் செய்தோம். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த அந்த 20 நிமிடங்கள் எங்கள் இருவருக்கும் இன்னும் மறக்கவில்லை. நல்ல வேளையாக அம்மா நலமாக வீடு திரும்பினார்.

இரண்டு நாள் கழித்து அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "வண்டியை அதிகமா வெளியே எடுக்கறதில்லை. ஆனா ஒவ்வொரு ஞாயிறும் தவறாம 5 நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே தம்பி. அப்புறம் எப்படி பேட்டரி இறங்கும்?"

இது பலரும் கேட்கும் கேள்விதான். 2020ல் ஊரடங்கு வந்து வண்டிகள் வாரக் கணக்கில் நின்ற போது, கார் வைத்திருந்த பலருக்கு இந்த அனுபவம் கிடைத்தது. வெளிநாட்டில் உள்ள மகன் அல்லது மகள் வீட்டிற்குச் சென்று சில மாதங்கள் தங்கித் திரும்புபவர்களுக்கு இன்றும் கிடைக்கிறது.

கம்ப்யூட்டர் பற்றிய இதழில் கார் பேட்டரிக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்தக் கட்டுரையில் சொல்லப் போகும் ஸ்மார்ட் சார்ஜர் என்பது உள்ளே ஒரு மைக்ரோ புராசசரை வைத்துள்ள சிறிய கம்ப்யூட்டர்தான். இரண்டாவது, உங்கள் கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே இருக்கும் யு.பி.எஸ். உள்ளே பெரும்பாலும் இதே வகை பேட்டரிதான் உள்ளது. ஒன்றைப் புரிந்து கொண்டால் மற்றதும் புரிந்துவிடும்.

நிற்கும் வண்டியில் என்ன நடக்கிறது?

கார்களிலும் பைக்குகளிலும் பெரும்பாலும் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் சேர்ந்து இயங்கும் இதை 1859ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். 12 வோல்ட் பேட்டரியில் 6 செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 2 வோல்ட்டிற்குச் சற்றுக் கூடுதலாகத் தரும்.

வண்டி நிற்கும் போது இந்த பேட்டரியும் ஓய்வெடுக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, வண்டியே மின்சாரத்தைக் குடிக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரை ஷட் டவுண் செய்த பின்னரும் அதில் உள்ள கடிகாரம் ஓடிக் கொண்டே இருக்கிறது அல்லவா? மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிறிய பேட்டரி அதற்கு மின்சாரம் தருகிறது. காரிலும் அப்படித்தான். கடிகாரம், ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், திருட்டுத் தடுப்பு அமைப்பு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் நினைவகம் ஆகியவை சாவியை எடுத்த பின்னரும் விழித்திருக்கும். இன்றைய கார்களில் இந்தச் செலவு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருப்பது இயல்பானதே.

இரண்டாவது, பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கிறது. எதனுடனும் இணைக்காமல் வைத்தாலும் 25 டிகிரி வெப்பத்தில் மாதம் சுமார் 3 முதல் 5 சதவீதம் குறையும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும் போதும் இந்த வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். நம் ஊர் மே மாதத்தில் தகரக் கூரை போட்ட ஷெட் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் மிக மோசமானது. சார்ஜ் இறங்கும் போது தகடுகளில் காரீய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். வாரக் கணக்கில் அப்படியே விட்டால் கெட்டிப் படிகங்களாக மாறி, தகட்டின் அந்தப் பகுதியை வேலை செய்ய விடாமல் அடைத்துவிடும். இதற்கு சல்பேஷன் என்று பெயர். பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பேட்டரி பழைய கொள்ளளவிற்குத் திரும்பாது. நிற்கும் வண்டிகளின் பேட்டரிகள் விரைவில் கெட்டுப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த 5 நிமிடக் கணக்கு

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவருடையது 35 ஆம்பியர் அவர் பேட்டரி உள்ள சிறிய கார். ஆம்பியர் அவர் என்பது கொள்ளளவு. ஹார்ட் டிஸ்க்கிற்கு ஜிகா பைட் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

வண்டி 20 மில்லி ஆம்பியர் மட்டுமே குடிப்பதாகக் கொள்வோம். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். பெருக்கினால் சுமார் 3.4 ஆம்பியர் அவர் செலவு. ஞாயிற்றுக் கிழமை ஸ்டார்ட் செய்கிறார். ஸ்டார்ட்டர் மோட்டார் 3 விநாடிகளுக்கு 150 ஆம்பியர் இழுத்தாலும் செலவு 0.1 சொச்சம்தான். பின்னர் இன்ஜின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடுகிறது. அப்போது ஆல்டர்னேட்டரில் இருந்து பேட்டரிக்கு 10 ஆம்பியர் வருகிறது என்று தாராளமாகவே வைத்துக் கொண்டாலும், 5 நிமிடத்தில் 0.8 ஆம்பியர் அவர்தான் ஏறும். ஸ்டார்ட் செய்த செலவைக் கழித்தால் நிகர வரவு 0.7.

வரவு 0.7, செலவு 3.4. வாரம் 2.7 ஆம்பியர் அவர் நஷ்டம். 8 வாரங்களில் 21க்கும் மேல். தானாக இறங்கும் சார்ஜை இதில் சேர்க்கவே இல்லை. 35ல் 21 போனால் மீதி என்ன இருக்கும்? இன்ஜினும் சரியாகச் சூடேறாததால் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்கிவிடும். பேட்டரி நிரம்ப வேண்டுமானால் வண்டியைச் சாலையில் நெடுநேரம் ஓட்ட வேண்டும். ஓட்ட முடியாதவர்களுக்கு வேறு வழி தேவை.

பழைய சார்ஜரும் ஸ்மார்ட் சார்ஜரும்

பேட்டரிக் கடைகளில் பெரிய டப்பா போன்ற சார்ஜர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர், சில டையோடுகள், வெளியே ஒரு மீட்டர். அதற்கு பேட்டரி நிரம்பியது தெரியாது. பக்கத்தில் ஆள் இருந்து பார்த்து நிறுத்த வேண்டும். மறந்துவிட்டால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறும். தகடுகள் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

ஸ்மார்ட் சார்ஜர் பேட்டரியின் வோல்டேஜை அளந்து கொண்டே இருக்கும். அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் அது மெமரி, கீ போர்டு என ஒவ்வொன்றாகச் சோதிப்பது போல, இதுவும் முதலில் பேட்டரியைச் சோதிக்கும். கிளிப்புகளை மாற்றி மாட்டியிருந்தால் சார்ஜ் செய்யாமல் எச்சரிக்கை விளக்கைக் காட்டும். பின்னர் வேலை பொதுவாக மூன்று கட்டங்களாக நடக்கும்.

முதல் கட்டத்தில் தன்னால் முடிந்த முழு மின்சாரத்தையும் தந்து சுமார் 80 சதவீதம் வரை நிரப்பும். இரண்டாம் கட்டத்தில் வோல்டேஜை 14.4 அளவில் பிடித்து வைத்துக் கொண்டு மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைக்கும். மீதியுள்ள 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். குடம் நிரம்பும் நேரத்தில் குழாயைச் சற்று மூடுவது போல. மூன்றாம் கட்டத்தில் சுமார் 13.6 வோல்ட்டில் வைத்துக் காவல் காக்கும். பேட்டரி இழக்கும் அளவை மட்டும் திரும்பத் தரும். இதற்கு புளோட் என்று பெயர். சில சார்ஜர்கள் இதற்குப் பதிலாக ஓய்வெடுத்து, வோல்டேஜ் இறங்கியதும் மீண்டும் சிறிது நேரம் சார்ஜ் செய்யும்.

நாம் கவனிக்க வேண்டியது இந்த மூன்றாம் கட்டத்தைத்தான். "ஆட்டோ கட் ஆப்" என்று மட்டும் போட்டு விற்கப்படும் சில சார்ஜர்கள் நிரம்பியதும் நின்றுவிடும். பின்னர் திரும்பிப் பார்க்காது. நீண்ட நாள் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு அது போதாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வோல்டேஜ்: கார், பைக், ஸ்கூட்டர்களுக்கு 12 வோல்ட். பழைய காலத்து மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் 6 வோல்ட். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் பொருந்தும் சார்ஜரை வாங்கலாம்.

பேட்டரி வகை: தண்ணீர் ஊற்றும் சாதாரண வகை, மூடிய மெயின்டனன்ஸ் பிரீ வகை, ஏ.ஜி.எம்., ஜெல், லித்தியம் எனப் பல உள்ளன. பேட்டரியின் மேல் ஒட்டியுள்ள லேபிளைப் படியுங்கள். ஏ.ஜி.எம். பேட்டரிக்கான சில செட்டிங்குகள் 14.7 வோல்ட் வரை செல்லும். அது ஜெல் பேட்டரிக்கு ஆகாது. லித்தியம் பேட்டரி என்றால் அதற்கெனத் தனி மோட் உள்ள சார்ஜர் கட்டாயம் வேண்டும். சல்பேஷனைக் கரைக்க சில சார்ஜர்கள் அனுப்பும் கூடுதல் வோல்டேஜ் துடிப்புகள் லித்தியத்தைப் பாதிக்கும்.

ஆம்பியர்: பேட்டரியின் ஆம்பியர் அவர் எண்ணில் பத்தில் ஒரு பங்கு என்பது எளிய கணக்கு. 35 ஆம்பியர் அவர் கார் பேட்டரிக்கு 4 ஆம்பியர் அளவிலான சார்ஜர் சரியாக இருக்கும். பாதி இறங்கியிருந்தால் ஓர் இரவில் நிரப்பிவிடும். ஏற்கனவே நிரம்பியுள்ள பேட்டரியைக் காவல் காக்க மட்டும் என்றால் 1 ஆம்பியர் போதும். பைக்கில் உள்ள சிறிய பேட்டரிக்கும் 1 ஆம்பியர் அல்லது அதற்குக் குறைவான சார்ஜரே நல்லது. கூடுதல் ஆம்பியர் என்றால் கூடுதல் தரம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

வீட்டு மின்சாரம்: வெளிநாட்டில் இருந்து உறவினர் வாங்கி வரும் சார்ஜர் என்றால் பின்பக்கம் பாருங்கள். 100-240 வோல்ட் அல்லது 220-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு பிளக்கில் மாட்டக் கூடாது.

மின் தடை: கரண்ட் போய்த் திரும்ப வந்தால் சார்ஜர் தானாக, பழைய செட்டிங்கிலேயே வேலையைத் தொடர்கிறதா? சில சார்ஜர்களில் மீண்டும் பட்டனை அழுத்த வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாத போது யார் அழுத்துவது? கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி, மீண்டும் மாட்டிச் சோதித்துப் பாருங்கள்.

வெப்ப ஈடு: பேட்டரி சூடாக இருக்கும் போது சற்றுக் குறைந்த வோல்டேஜ்தான் தர வேண்டும். சுற்றுப்புற வெப்பத்தை அளந்து இதைத் தானே சரி செய்யும் சார்ஜர்கள் உள்ளன. நம் ஊர் வெயிலுக்கு இது பயனுள்ள வசதி.

சுவீடனின் சிடெக், பெல்ஜியத்தின் ஆப்டிமேட், அமெரிக்காவின் நோகோ மற்றும் பேட்டரி டெண்டர், நெதர்லாந்தின் விக்ட்ரான் ஆகியவை இத்துறையில் அறியப்பட்ட பெயர்கள். விக்ட்ரானின் புளூ ஸ்மார்ட் வரிசை சார்ஜர்களில் புளூடூத் உண்டு. மொபைல் போனில் அதன் அப்ளிகேஷனைப் போட்டுக் கொண்டால் பேட்டரியின் வோல்டேஜ், எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதையெல்லாம் திரையில் பார்க்கலாம். எந்தப் பெயராக இருந்தாலும் மேலே சொன்னவை உள்ளனவா என்று பார்த்தே வாங்குங்கள்.

இணைக்கும் முறை

1. காற்றோட்டம் உள்ள இடமாக இருக்கட்டும். சார்ஜ் ஆகும் போது ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். காற்றில் இது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். சிகரெட், ஊதுவத்தி எதுவும் அருகில் கூடாது.

2. தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் அளவைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவிற்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குறியீடு வரை நிரப்புவதை சார்ஜ் முடிந்த பின் செய்யலாம். குழாய்த் தண்ணீர் கூடாது. ஆசிட்டும் ஊற்றக் கூடாது.

3. சார்ஜரின் பிளக் மாட்டப்படாமல் இருக்கட்டும். முதலில் சிவப்பு கிளிப்பை பாசிட்டிவ் டெர்மினலில் மாட்டுங்கள்.

4. பின்னர் கறுப்பு கிளிப்பை, பேட்டரியில் இருந்தும் பெட்ரோல் குழாயில் இருந்தும் தள்ளியுள்ள, பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். சிக்னலில் தானே நின்று தானே ஸ்டார்ட் ஆகும் கார்களில் நெகடிவ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கும். அவற்றில் கறுப்பு கிளிப்பை பேட்டரியில் மாட்டாமல் பாடியில் மாட்டினால்தான், ஏறிய சார்ஜை அந்த சென்சார் கணக்கில் எடுக்கும். வண்டியின் கையேட்டில் இதற்கென ஓர் இடம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

5. மோடைத் தேர்ந்தெடுத்து ஸ்விட்ச் போடுங்கள். சார்ஜரின் வயர் போனட்டில் நசுங்காமலும், மின்விசிறி இறக்கைகளில் படாமலும் பார்த்துக் கொள்ளுங்கள்.

6. எடுக்கும் போது தலைகீழ் வரிசை. முதலில் ஸ்விட்ச், பின்னர் கறுப்பு, கடைசியில் சிவப்பு.

"பச்சை விளக்கு வந்துவிட்டது, கழற்றிவிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வண்டியை நாளையே ஓட்டப் போகிறீர்கள் என்றால் கழற்றுங்கள். நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் அப்படியே விடுங்கள். காவல் வேலை அதன் பின்னர்தான் தொடங்குகிறது.

செய்யக் கூடாதவை

சல்பேஷனை நீக்கும் ரீகண்டிஷன் மோட் சில சார்ஜர்களில் 15.8 வோல்ட் வரை செல்லும். பேட்டரியை வண்டியில் இருந்து கழற்றிய பின்னரே இதைப் பயன்படுத்துவது காரின் எலக்ட்ரானிக்ஸுக்குப் பாதுகாப்பு. உடைந்த, உப்பிய, ஒழுகும் பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது. மின்சாரக் கார், ஹைபிரிட் கார்களில் வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியின் அருகிலேயே செல்லக் கூடாது. அவற்றிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும். கையேடு அனுமதித்தால் அதற்கு மட்டும் இந்த சார்ஜரைப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. இது அவசரத்திற்கு வண்டியைக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டர் அல்ல. மாட்டிய 5 நிமிடத்தில் வண்டி கிளம்ப வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முற்றிலும் செத்துப் போன பேட்டரியை பல ஸ்மார்ட் சார்ஜர்கள் அடையாளம் கூடக் காணாது. வருமுன் காப்பதற்கே இது.

முதலில் அளந்து பாருங்கள்

சார்ஜர் வாங்கும் முன் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். வண்டி ஓடாமல், சார்ஜரும் இல்லாமல் ஓர் இரவு முழுதும் நின்ற பின் அளவிடுங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்துள்ளது. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 கால்தான். 12.4க்குக் கீழே செல்ல விடாமல் வைத்திருந்தால் சல்பேஷன் பயம் குறையும். முழுதும் சார்ஜ் செய்து கழற்றிய மறுநாளே 12.4க்குக் கீழே இறங்கினால் அந்த பேட்டரியின் ஆயுள் முடிகிறது. சார்ஜரால் அதைக் காப்பாற்ற முடியாது.

மேஜைக்குக் கீழே இருக்கும் பேட்டரி

வீட்டு கம்ப்யூட்டருக்கான சிறிய யு.பி.எஸ். பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் மூடிய லெட் ஆசிட் பேட்டரி. மின்சாரம் உள்ளவரை யு.பி.எஸ். அதை புளோட் நிலையில் வைத்திருக்கும். எனவே அதற்குத் தனி சார்ஜர் வேண்டாம். ஆனால் வீட்டைப் பூட்டி மெயினை ஆப் செய்துவிட்டு ஆறு மாதம் சென்றுவிட்டால் கார் பேட்டரிக்கு நேரும் கதிதான் இதற்கும். கிளம்பும் முன் முழுதும் சார்ஜ் ஆகவிட்டு, யு.பி.எஸ்.ஸையும் ஆப் செய்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை யாரையாவது விட்டு ஒரு நாள் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள்.

லேப்டாப், மொபைல் போன்களில் உள்ள லித்தியம் அயன் பேட்டரிக்கு இந்த விதி தலைகீழ். அதைப் பல மாதங்கள் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் வைப்பதே நல்லது. லெட் ஆசிட்டை நிரப்பி வைக்க வேண்டும், லித்தியம் அயனைப் பாதியில் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

எல்லாருக்கும் தேவையா?

தினமும் அல்லது வாரம் சில நாட்கள் நீண்ட தூரம் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது தேவையில்லை. ஆல்டர்னேட்டர் அந்த வேலையைப் பார்த்துக் கொள்ளும். ஒரு மாதம் மட்டும் வெளியூர் செல்பவர்கள், பேட்டரி நிறைந்த நிலையில் நெகடிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துச் செல்லலாம். வண்டி குடிப்பது நின்றுவிடும். கடிகாரம், ரேடியோ செட்டிங்ஸ் அழியலாம். ரிமோட் பூட்டும் வேலை செய்யாது. எனவே கதவைச் சாவியால் திறக்க முடிகிறதா என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள். செலவில்லாத வழி இது. ஆனால் பல மாதங்கள் நிற்கும் வண்டி, எப்போதாவது எடுத்தாலும் அவசரத்திற்குக் கட்டாயம் கிளம்ப வேண்டிய வண்டி ஆகியவற்றிற்கு ஸ்மார்ட் சார்ஜர் வாங்குவது நல்லது.

பெரியவரின் பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்து மறுநாள் அளந்தோம். 12.2 தான் காட்டியது. புதிய பேட்டரி போட்டு, கூடவே ஒரு சிறிய ஸ்மார்ட் சார்ஜரும் வாங்கினார். ஞாயிறுதோறும் இப்போதும் ஷெட்டிற்குப் போகிறார். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதில்லை. பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, மீட்டரை வைத்து அளந்து, காலண்டரில் அந்தத் தேதியின் கட்டத்தில் எண்ணை எழுதி வைக்கிறார். சாவி தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.